உலகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

பூர்விக ஆராய்ச்சிக்காரர் என்றொரு பிறவி உண்டு. பார்த்ததில்லை என்று நீங்கள் சொன்னால் நம்பமாட்டேன். தூரத்தில் அவர் தலை தெரிந்ததும் எதிர்ப்பக்கம் மாறியிருப்பீர்கள், அவ்வளவுதான். இவர் கல்வெட்டுப் படித்தவர் அல்ல, ஓலை பிரித்தவர் அல்ல, நூலகம் ஒன்றின் படியை மிதித்தவரும் அல்ல. கைப்பேசியில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தவர். ஏதோ ஓர் இணையப் பக்கம், இந்தப் பெயர் இன்ன நாட்டில் இன்ன மலையடியில் தோன்றியது, உலகத்தில் இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட, அன்று மாலையே அவருடைய நடை மாறும், குரல் மாறும், கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார்ந்தவர் முன்வரிசைக்கு வருவார், சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டவருக்குப் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து பதில் சொல்லத் தொடங்குவார். சோறு ஆறும். அவர் நிறுத்தமாட்டார்.

யாங்கோனில் இந்தப் பிறவிக்கு இடமே இருக்கக்கூடாது. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவுக்கு ஒரு பெயர், மகனுக்கு வேறொரு பெயர், கல்யாணமான பெண்ணுக்கும் அவள் பெயரேதான். நம் தமிழர்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்று உண்டு, அதையும் இங்கே எவரும் கேட்பதில்லை. குடும்பப் பெயர் இல்லாமலே இந்த நகரம் முழுவதும் பஸ் ஏறுகிறது, கடை திறக்கிறது, பிள்ளை பெறுகிறது, சாகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒருவரிடம் மட்டும் குடும்பப் பெயர் இருந்தால் அவர் சும்மா இருப்பாரா?

இருக்கவில்லை. அவர் எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி. பெயர் தேவராஜ் வலஸ்தூரா. கியாக்டடாவில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலை. நான் பபேடானில் கைலிக்கடை வைத்திருப்பவன், இரண்டாம் மாடி, அதனால் அவர் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். இது என் தலையெழுத்து.

"பாய், வலஸ்தூரான்னா சும்மா இல்லை" என்று ஒருநாள் நின்றார். "வடக்கு ஸ்பெயின்ல மலைக்கிராமம். உலகத்துலேயே இருநூத்திப் பன்னிரண்டு பேருதான். ஸ்பெயின்ல நூத்தியெழுபத்தொண்ணு, அர்ஜென்டினாவுல இருபத்தொம்பது, உருகுவேயில எட்டு."

"மிச்சம் நாலு?"

"பர்மாவுல."

"யாரு அவங்க?"

"நான், என் சம்சாரம் கலா, பெரியவ மஞ்சுளா, சின்னவன் தனசேகரன்."

"நீங்க நாலு பேரு இருக்கீங்கன்னு அந்த ஸ்பெயின்காரங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் நான்தான் அதுல எழுதிப் போட்டேன்."

அவரே எழுதிப் போட்டார், அவரே போய்ப் படித்தார், படித்துவிட்டு உலகமே சொல்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார். இதில் என்ன தவறு என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆராய்ச்சி தெரியாதவன் என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டதோடு சரி.

பெயர் வந்த கதையையும் கேட்டுவிடுங்கள். மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலை அவரே என்னிடம் காட்டியிருக்கிறார். அவருடைய பூட்டனார் சின்னத்தம்பி, துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்க வந்தவர். ஞானஸ்நானம் பெறும்போது பக்கத்தில் ஞானத்தந்தையாக நிற்க ஒரு கிறிஸ்தவர் வேண்டும், நிற்பவரின் பெயரைச் சேர்த்துக்கொள்வது அங்கே அப்போது வழக்கம். அன்று கையில் கிடைத்தவர், பழுதுபார்க்கக் கரையில் நின்ற கப்பலின் தச்சர், ஒரு ஸ்பெயின்காரர். பெயரைக் கொடுத்தார், மறுமாதம் கப்பலேறிப் போய்விட்டார். சின்னத்தம்பி அடுத்த நாளும் மூட்டை தூக்கத்தான் போனார். நல்ல மனிதர் அந்தத் தச்சர். நல்ல மனிதர் சின்னத்தம்பியும்.

ஆனால் ஆராய்ச்சிக்காரருக்கு மூட்டை தூக்கியவர் எதற்கு? சின்னத்தம்பியை மெதுவாக வீட்டைவிட்டு வெளியேற்றினார். முதலில் "எங்க பூட்டனாரு துறைமுகத்துல வேலை பார்த்தாரு" என்றார். அடுத்த மாதம் "துறைமுகத்துல பெரிய பொறுப்புல இருந்தாரு" என்றார். அதற்கடுத்த மாதம் பூட்டனாரே ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்து இறங்கிவிட்டார். நிறத்தைப் பற்றி யாரோ கேட்டதற்கு, அந்தப் பக்கத்து வெயில் கடுமையானது என்று பதில் வந்தது. இதைச் சொன்னபோது அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க முதுகு வளைத்து இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட மனிதரைத் துடைத்துவிட்டு, ஒரு காலை நேரம் வந்து நின்றுவிட்டுப் போனவரைச் சுவரில் மாட்டுகிறவனை என்னவென்று சொல்வது? எனக்கு ஒரு சொல் தெரியும். அச்சில் போடமாட்டார்கள்.

சுவரில் மாட்டினார் என்றது சும்மா இல்லை. இணையத்திலிருந்து எடுத்த குலச்சின்னம் ஒன்று, ஒரு ஓநாய், இரண்டு அண்டா, கண்ணாடி போட்டு, நடு அறையில் தொங்குகிறது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வருவதே நாளில் சில மணி நேரம். அது வந்ததும் கட்டடம் முழுக்க ஓடும், ஒருத்தி அரிசி போடுவாள், ஒருத்தி துணி தேய்ப்பாள், ஒருவர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவார். நான்காம் மாடியில் மட்டும் வீட்டுத் தலைவர் கணினி முன்னால் உட்கார்ந்து, உருகுவேயில் எட்டு ஒன்பதாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"அந்த ஸ்பெயின்காரரு வந்து மோட்டாரைப் போட்டுட்டுப் போனா தேவலை" என்பார் கலா. படிக்கட்டுவரை கேட்கும். அவருக்கு மட்டும் கேட்காது.

இதுவரை வேடிக்கை. இதுவரை என்றால் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மஞ்சுளா லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் பெண். விடியற்காலையில் ஆலை பஸ், திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அந்த பஸ்ஸிலேயே இரண்டு வருடம் ஜப்பான் மொழி படித்தாள். பரீட்சையில் தேறினாள். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளோடு சேர்த்துப் பதினான்கு பேர். நாற்பது நாளுக்குள் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு வீட்டிலுள்ளவர்களின் பெயர் எழுதிய குடும்பப் பட்டியலின் நகல் வேண்டும், அதை வட்டார அலுவலகத்தில் வாங்கவேண்டும். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவிடம் காகிதங்களைக் கொடுத்து வாங்கி வரச் சொன்னாள்.

அப்பாவிடம் கொடுத்தாள். வேறு யாரிடம் கொடுப்பாள்?

மூன்று வாரம் அலைந்தார். ஒவ்வொரு நாளும் என் வாசலில் நின்று, அலுவலகத்துச் சயாமா, அதாவது அந்த அதிகாரி அம்மா, இன்று வரவில்லை, முத்திரை இன்று இல்லை என்று காரணம் சொல்லிவிட்டுப் போவார். நானும் பாவம் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னையும் மேலே கூப்பிட்டு, மேசையில் பட்டியலை விரித்தார். பக்கத்தில் பர்மியச் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. இந்த நாட்டில் பெயரை மாற்றினால் செய்தித்தாளில் நாலு வரி அறிவிப்புப் போடவேண்டும், அது உங்களுக்குத் தெரிந்ததே. ஊ, டோ, மா என்ற பர்மிய மரியாதை அடைமொழிகளோடு அந்த நாலு வரி சொன்னது இது: ஊ தேவராஜ், டோ கலா ஆகியோரின் மகள் மா மஞ்சுளா இன்று முதல் மா மஞ்சுளா வலஸ்தூரா என்று அழைக்கப்படுவார்.

மஞ்சுளா இரண்டு முறை படித்தாள்.

"என்னப்பா இது?"

"ஜப்பான்காரன் பாரத்துல குடும்பப் பேருக்குன்னு தனிக் கட்டம் இருக்கும்மா. மத்தவளுங்க எல்லாம் அதுல என்ன எழுதறதுன்னு முழிப்பாளுங்க. நமக்கு இருக்குல்ல?"

"என் அடையாள அட்டையில மஞ்சுளா. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுல மஞ்சுளா. பரீட்சைத் தாள்ல மஞ்சுளா. பட்டியல்ல மட்டும் இப்படி இருந்தா எப்படிப்பா வாங்கிப்பாங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மாத்திடலாம். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நாப்பது நாள்ல இருபத்தாறு நாள் போச்சு."

அவர் கணினியைத் திருப்பி உலகப் படத்தைக் காட்டினார். வலஸ்தூராக்கள் வாழும் நாடுகளுக்கு மட்டும் நீல வண்ணம். மொத்தம் நான்கு.

"நீ போய் இறங்குனா அஞ்சு. ஆசியாவுலேயே ரெண்டாவது நாடு. உலகத்துல மஞ்சுளா லட்சம் பேரு இருப்பாங்கம்மா. மஞ்சுளா வலஸ்தூரா நீ ஒருத்திதான்."

"அந்த ஒருத்திக்கு வேலை இல்லப்பா" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. கலா அடுக்களையிலிருந்து வந்து, மகள் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த ஓநாயை இறக்கி தேவராஜ் தலையில் போடவேண்டும் போலிருந்தது. போடவில்லை. பிறர் வீடு.

மறுநாள் மஞ்சுளா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போனாள். பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அனுப்பமுடியாது என்றார்கள். ஒருமுறை மாற்றியதைத் திரும்ப மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று வட்டார அலுவலகத்துச் சயாமா சொன்னார். "இப்ப இருக்கறவங்க எல்லாரும் பேரைச் சுருக்கிக்கறாங்க, உங்கப்பா ஒருத்தர்தான் நீட்டறாரு" என்றும் சொன்னாராம். பதின்மூன்று பேர் விமானம் ஏறினார்கள். பதினான்காவது இடத்துக்குக் காத்திருப்பில் இருந்த ஒரு மாண்டலேப் பெண் போனாள். அன்று காலையும் ஆலை பஸ் வந்தது. மஞ்சுளா ஏறினாள்.

தகப்பன் என்ன செய்தார்? வருந்தினார் என்று நினைப்பீர்கள். வருந்தினார்தான். நான்கு நாடுகள் நான்காகவே நின்றுவிட்டனவே என்று என் கடை வாசலில் நின்று வருந்தினார்.

அதன்பிறகு மஞ்சுளா எந்தக் காகிதத்தையும் வீட்டில் வைக்கவில்லை. என் கடையில், புதுக் கைலிகள் அடுக்கிய அலமாரியில், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கக் கொடுத்தாள். "அப்பா கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க மாமா" என்றாள். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மிக மகிழ்ச்சியோடு சொன்னது அதுதான். தன் சம்பளத்தில் தானே செய்தித்தாளில் நாலு வரி போட்டாள்: இன்று முதல் மா மஞ்சுளா என்று மட்டுமே. பட்டியல் திரும்ப மாற எட்டு மாதம். மறுபடி நேர்காணல், மறுபடி காத்திருப்பு. முதலில் கிடைத்த இடத்தைவிடக் குறைந்த சம்பளம், குளிர் அதிகமான ஊர். போகிறேன் என்றாள். போன மார்ச்சில் போய்விட்டாள். விமான நிலையத்துக்குக் கலாவும் தம்பியும் நானும் போனோம். அவருக்கு அன்று மின்சாரம் இருந்தது.

சென்ற வாரம் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. நானும், ஆளுக்குப் புத்தி வந்துவிட்டது, மகள் பேசியிருக்கிறாள் என்று நினைத்து நின்றேன்.

"மஞ்சுளா பேசுச்சா?" என்றேன்.

"அவ அவங்க அம்மாகிட்டப் பேசுவா. இதைப் பாருங்க பாய்."

கைப்பேசியை நீட்டினார். அதே உலகப் படம். பர்மாவில் மூன்று. ஜப்பானில் ஒன்று. அந்தத் தீவு முழுக்க நீலம்.

"நேத்துதான் எழுதிப் போட்டேன்" என்றார்.

அந்தப் பெண் அங்கே யாரோ ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். சட்டையில் குத்திய அட்டையில் மஞ்சுளா என்று மட்டும் இருக்கும். மாதம் இரண்டு முறை அம்மாவைக் கூப்பிடுகிறாள், அப்பா தூங்குகிறாரா என்று முதலில் கேட்டுக்கொண்டு. தகப்பனுக்கு மகள் இல்லை. ஆனால் கணக்கில் ஒன்று குறையவில்லை, பாருங்கள்.

நீங்கள் சிரிக்கலாம். நமக்கு இந்த நோய் இல்லை, நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே என்று காலை நீட்டி உட்காரலாம். ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். வலஸ்தூரா என்றொரு பெயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கக் கை போயிற்றா, இல்லையா? போனால் குற்றமில்லை, நானும் ஒருநாள் ஷாஹுல் என்று போட்டுப் பார்த்தவன்தான். அடுத்ததாக உங்கள் தாத்தா பெயரைப் போடுவீர்கள். எண் ஒன்று வரும். அதைச் சொல்ல வீட்டுக்குள் திரும்பி யாரையாவது கூப்பிடுவீர்கள். மூன்றுமுறை கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லையென்றால், நான்காம் மாடியில் இருப்பவர் யாரென்று இனி என்னிடம் கேட்காதீர்கள்.