மில்லிகிராம் மேடத்தின் தராசு

தராசில் எண் மைனஸில் போய் நின்றது.

"கால் மணி நேரம் கப்புல எச்சில் விட்டிருக்கேன். எடை குறைஞ்சிருக்குன்னா எப்படி? என் வாய் அந்தக் கப்பையும் உறிஞ்சிடுச்சா?" என்றார் ஏலக்காரர்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறதோ என்று டாக்டர் சந்தேகப்பட்டு அனுப்பிய நோயாளி அவர். ஏலத்தில் 'ஒரு தரம்' சொன்னதுமே நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். 'ரெண்டு தரம்' சொல்லத் தண்ணீர் தேட வேண்டியிருக்கிறதாம்.

உமிழ்நீரை எடைபோட்டு அளப்பவருக்கு அந்தச் சோதனைக்கூடத்தில் பெயரே 'மில்லிகிராம் மேடம்'தான். பதினெட்டு வருடத்தில் அவர் எழுதிக் கொடுத்த ஒரு எண்கூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. இன்று பன்னிரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் வருகிறார். ஒரு பெரிய ஆராய்ச்சியின் உமிழ்நீர் அளவுகளையெல்லாம் இந்த அறையிடமே ஒப்படைப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார். இந்த நேரத்திலா மைனஸ்!

"மூடி எங்கே? மூடியோடதானே எடை போட்டுக் கொடுத்தேன்?"

"பத்திரமா சட்டைப் பையில வச்சிருக்கேன்."

பையிலிருந்து மூடி வந்தது. கூடவே கொஞ்சம் பஞ்சும் வந்தது. துடைத்து, மூடியைப் போட்டு எடைபோட்டால், உமிழ்நீர் அரை கிராம்கூட இல்லை. நல்ல வாய் என்றால் கால் மணி நேரத்தில் ஒன்றரை கிராமாவது ஊற வேண்டும். ஆனால் பஞ்சு பட்ட எண்ணை மேடம் எழுதுவாரா?

"மறுபடியும் உட்காருங்க. பேசக்கூடாது, விழுங்கக்கூடாது. தலையைக் குனிஞ்சு தானா வடிய விடுங்க."

இந்த முறை இரண்டு கிராம்! மேடம் திகைத்துத் திரும்பினார். கதவோரம் ஏலக்காரரின் மனைவி, கையில் பாதி நறுக்கிய எலுமிச்சம்பழத்தோடு நின்றிருந்தார்.

"மூக்குக்கிட்ட காட்டினேன். மனுஷன் ஃபெயிலாயிடக் கூடாது பாருங்க!"

"அம்மா, இந்தப் பரீட்சையில பாஸானா மருந்து கிடையாது! உங்களோட பேசியே என் நாக்கு ஒட்டிக்குது" என்றார் மேடம்.

அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பழத்தைக் காட்டினதுக்கா இவ்வளவு ஏறும்? முதல்ல மைனஸ், அப்புறம் அரை, இப்ப ரெண்டு. உங்க தராசுதான் கோளாறு!"

மேடத்தை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். தராசைச் சொன்னால் தீர்ந்தது.

"கோளாறா? என் வாயை வச்சே நிரூபிக்கிறேன். எனக்கு எந்த வியாதியும் இல்லை. சோதனை விதிப்படி காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. ரெண்டு பேரும் உட்கார்ந்து பாருங்க!"

மேடம் புதுக் கப்பை எடைபோட்டார், குனிந்தார். தம்பதி கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பத்தாவது நிமிடம் ஏலக்காரர் எட்டிப் பார்த்து, "கப்பு காஞ்சு கிடக்கு மேடம்" என்றார். மேடம் கையாலேயே அடக்கினார்.

மூடியைப் போட்டுத் தராசில் வைத்தார். கால் கிராம்.

மேடத்துக்கு முகம் வெளுத்தது. அப்படியானால் தராசு நிஜமாகவே போய்விட்டது! ஓடிப்போய்ப் போனை எடுத்தார்.

தராசு மெக்கானிக் பெட்டியோடு வந்து எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தபோது, பெரிய டாக்டரும் உள்ளே நுழைந்துவிட்டார். மெக்கானிக் கடைசிக் கல்லை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மயிரிழைகூடப் பிசகில்லை சார். இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற தராசை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை."

நடந்ததையெல்லாம் கேட்ட பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். "சந்தேகம்னு வந்ததும் சொந்த வாயையே வச்சுச் சரிபார்த்திருக்கீங்க. இதுக்கு மேல என்ன வேணும்? ஆராய்ச்சி இந்த அறைக்குத்தான்."

மேடத்தின் தலை நிமிர்ந்தது. ஏலக்காரரின் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்பவாவது தெரிஞ்சுதா? என் தராசு பொய் சொல்லாது!"

"தெரிஞ்சுதும்மா," என்றார் அந்த அம்மாள், குரலைத் தாழ்த்தி. "அப்போ எங்க வீட்டுக்காரருக்கு எழுதற மருந்தையே டாக்டர்கிட்ட உங்களுக்கும் எழுதச் சொல்லட்டுமா?"