கேப்டன் வந்தால் குளிரும்

சொந்தமாக ஒரு பேய் தயாரிப்பது என்று நவம்பர் மாதத்தில் ஒரு நாள் முடிவு செய்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் மச்சினி ஸோல்வை பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டாள்.

"வசந்தம் வர்ற வரைக்கும்தாங்க," என்றாள் என் மனைவி ஆல்மா.

எந்த வருஷத்து வசந்தம் என்று கேட்டேன். மனசுக்குள்தான்.

ஸோல்வை நல்லவள்தான், குறை சொல்ல மாட்டேன். போன ஈஸ்டருக்கு அவள் புருஷன் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் ஆர்ஹூஸ் நகரத்தில் அவ்வளவு பெரிய வீட்டில் தனியாகக் கிடந்து, ஒரு துண்டு கறுப்பு ரை ரொட்டியைக்கூட முழுசாகத் தின்னாமல் பாதி ஆளாகிவிட்டாள். பாவம்தான். ஆனால் நானும் பாவம்தான், எனக்கென்று இருப்பதே ஒன்றுதான். அது கீழே என் அறை.

சமையலறை ஆல்மாவுடையது. கூடம் ஆல்மாவுடையது. பூனை ஆல்மாவுடையது. கடல் பார்த்த ஜன்னலும், சாய்வு நாற்காலியும், எட்டு வருஷமாக நான் தீக்குச்சியால் கட்டிக்கொண்டிருக்கும் கப்பலும் இருக்கிற அந்த ஒரு அறைதான் உலகத்தில் என் பேச்சு எடுபடுகிற இடம். அங்கேயும் கப்பலிடம்தான் பேசுவேன்.

ஸோல்வை வந்த அன்றைக்கே ஆல்மா வாசற்படியில் நின்று என் அறையை அளந்தாள்.

"இங்க நல்ல வெளிச்சம். ஸோல்வைக்கு இதான் சரி."

"மாடி ரூம்லயும் வெளிச்சம் இருக்கே?"

"அவளுக்கு முட்டி வலி. படி ஏற முடியல."

"ஏறினாத்தான் முட்டிக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"பொதுவா சொல்றாங்க."

ஆல்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறாள், தள்ளுபடி செய்யவில்லை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அதுவரை ஸோல்வைக்கு மாடி அறைதான். அவள் தீர்ப்புச் சொல்வதற்குள் ஸோல்வை தானாகவே பயந்து ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும். அதற்குத்தான் பேய்.

பேய்க்கு ஆள் தயாராக இருந்தார். இந்த வீட்டை நாங்கள் வாங்கியது கேப்டன் ஸெவரின் என்பவரின் பிள்ளைகளிடமிருந்து. உண்மையில் அவர் முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயதில், ராத்திரிச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுத் தூக்கத்தில் போனவர். அவரை எடுத்து என் கதையில் கடலில் தள்ளினேன்.

பேய்க்குக் குளிரும் வேண்டுமே! அங்கேதான் என் அறிவு வேலை செய்தது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் சுவரோடு ஒட்டி ஓர் இரும்பு ரேடியேட்டர் நிற்கும். உள்ளே வெந்நீர் ஓடும். ஓரத்தில் உருண்டையாக ஒரு வால்வு. அதன் தலையில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள், கடைசியில் ஒரு நட்சத்திரம். ஐந்து என்றால் அடுப்பு. நட்சத்திரம் என்றால், குழாய் உறைந்து வெடிக்காமல் இருந்தால் போதும் என்று அர்த்தம். இதைப் பற்றி ஆல்மாவுக்கு நான் எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறேன்.

"இந்தத் தலைக்குள்ள ஒரு சின்னக் குப்பி இருக்கு ஆல்மா. சூடு பட்டா உள்ளே இருக்கிறது உப்பும். உப்பி, ஊசியை அழுத்தி, வெந்நீரை அடைக்கும். குளிர் பட்டா சுருங்கும். வெந்நீர் திறந்துக்கும். ரூம் எப்படி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. தன் தலைக்குப் பக்கத்துல எப்படி இருக்குன்னு மட்டும்தான் தெரியும்."

"உங்களை மாதிரி," என்பாள் கொட்டாவி விட்டுக்கொண்டே.

கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கடலில் மூடுபனி. துறைமுகத்துச் சங்கு விட்டு விட்டு ஊதியது. மேஜையில் மெழுகுவத்தி ஏற்றி மூன்று பேரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"ஸோல்வை, மாடி ரூமைப் பத்தி உனக்கு ஒண்ணு சொல்லணும். பயப்படாதே."

"என்ன அத்தான்?"

"அது கேப்டன் ஸெவரின் ரூம். பனிக்கடல்ல கப்பலோட முழுகிட்டார். உடம்பு கிடைக்கல. குளிர்காலத்துல வருவார்னு சொல்றாங்க. அவர் வந்தா ரூம் சில்லிட்டுப் போகும். ரேடியேட்டரை அஞ்சுல வெச்சாலும் பிரயோஜனம் இல்ல."

"ஐயோ!"

"ஜன்னலோரம் ஒரு விளக்கு எரியணும். அணைக்கவே கூடாது. அணைஞ்சா அவருக்கு வழி தெரியாது. வழி தெரியாத பேய் எங்க வேணா போகும்."

ஆல்மா காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை போடாத காப்பி.

விளக்கை நானே கொண்டுபோய் வைத்தேன். பழைய மேஜை விளக்கு, தொட்டால் தோல் உரிகிற பழைய குண்டு பல்பு. கழுத்தை வளைத்து வால்வின் தலைமேல் நேராகக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் என்ன? பல்புச் சூட்டில் வால்வு 'ஆகா, அறையே வெந்துபோகிறது' என்று வெந்நீரை இறுக்கி அடைத்துவிட்டது. ஸோல்வை ஐந்து வரை திருகினாள். ரேடியேட்டர் பிணம் மாதிரிக் கிடந்தது. விளக்கு எரிய எரிய அறை குளிர்ந்தது. அதைப் பார்த்தபோது, செய்தவன் நானே என்றாலும், எனக்கே முதுகு சிலிர்த்தது.

ஸோல்வை மறுநாளே பெட்டியைக் கட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சாப்பாட்டு மேஜைக்குச் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"வந்துட்டார் அத்தான்!"

"யாரு?"

"கேப்டன்தான். ரூம் ஐஸா ஆயிடுச்சு. பாவம், எவ்வளவு குளிர்ல கிடந்தாரோ! ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன்."

"பேசினியா? அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். நான் பேசுவேன், அவர் கேப்பார்." ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவி ஒரு துண்டை முழுசாகத் தின்றாள். "அவருக்கு ஒரு ஜோடி காலுறை பின்னப் போறேன்."

போச்சுடா! பேயை வைத்து ஓட்டப் பார்த்தால், அவள் பேயோடு குடித்தனமே நடத்துகிறாள். இரண்டு கம்பளிச் சட்டை, தலைக்குக் குல்லா, கையில் பின்னல் ஊசி. விளக்கை அணைக்கவே இல்லை. ராத்திரி மேலே பேச்சுக்குரல் கேட்கும். ஒரு குரல்தான். நடுநடுவே, யாருக்கோ பதில் சொல்ல இடம் விட்ட மாதிரி நிற்கும். அந்த இடைவெளியில் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு நாள் ஆல்மா தூசி தட்ட மாடிக்குப் போனாள். ரொம்ப நேரம் கழித்து இறங்கி வந்தாள்.

"என்ன ஆல்மா?"

"ஒண்ணுமில்லீங்க. விளக்கு நல்லா எரியுது."

அதற்கடுத்த நாளிலிருந்துதான் ஆரம்பித்தது.

நான் தீவுக்குப் போகிற படகில் டிக்கெட் கிழிக்கிறவன். வேலைக்குப் போகும்போது என் அறை வால்வை நட்சத்திரத்தில் வைத்துவிட்டுப் போவேன். ஆள் இல்லாத அறைக்கு எதற்குச் சூடு? அன்று இருட்டில் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. விளக்குப் போடாமல் நின்றேன். உள்ளே டக்... டக்... என்று ஒரு சத்தம். மெதுவாக யாரோ விரலால் இரும்பைத் தட்டுகிற மாதிரி.

விளக்கைப் போட்டேன். ரேடியேட்டர் கொதித்தது. தட்டியது அதுதான். குனிந்து வால்வைப் பார்த்தேன். நட்சத்திரம். அதன் கீழே தரையில் ஈரமாக இரண்டு தடம், பக்கத்தில் பக்கத்தில். அங்கிருந்து கதவு வரைக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"ஆல்மா! என் ரூமுக்குள்ள போனியா?"

"எனக்கென்ன வேலை? அது உங்க ராஜ்யமாச்சே."

"தரையெல்லாம் ஈரம்!"

"கப்பல் கட்டுறீங்க இல்ல, தண்ணி வரத்தானே செய்யும்? சாப்பிட வாங்க."

மாட்டு இறைச்சி உருண்டையும் பட்டாணியும் போட்டாள். நான் பட்டாணியைத் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் அதே அனல், அதே தட்டல், அதே ஈரம். மூன்றாம் நாள் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வந்து பூட்டைத் திறந்தால் நாற்காலியின் தோல் சுடுகிறது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. கப்பலின் முன்பக்கம் பசை இளகி, மூக்கு குத்தி நின்றது. முழுகுகிற கப்பல்!

பக்கத்து வீட்டு வில்லாட்ஸிடம் ஓடினேன். கேப்டனோடு பழகிய ஒரே ஆள் அவர்தான்.

"வில்லாட்ஸ், நம்ம கேப்டன் எப்படிப்பட்டவர்?"

"தங்கமான மனுஷன். குளிர்காலத்துலகூடக் காலையில கடல்ல ஒரு முங்கு முங்கிட்டுத்தான் காப்பி குடிப்பார்."

"கடல்லயா? அப்புறம்?"

"அப்புறம் ஈரக் காலோட நேரா கீழ் ரூமுக்கு வந்து ரேடியேட்டரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். இப்ப உன் ரூம் இருக்கே, அதேதான். ஏம்ப்பா, முகம் ஏன் வெளுத்துப்போச்சு?"

நான் பெற்ற பேய் என்னையே தேடி வந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் நிம்மதியாகச் செத்தவரைக் கடலில் தள்ளினேனே, சும்மா விடுவாரா?

அன்று சாப்பாட்டு மேஜையில் ஆல்மா ரொம்பச் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"ஸோல்வை, கேப்டன் இன்னும் மேலதான் இருக்காரா?"

"சாயங்காலம் இருக்கார் அக்கா. பகல்ல காணோம். குளிர் தாங்காம கீழ வர்றாரோ என்னவோ."

"கீழ எந்த ரூமுக்கு?"

மூன்று பேரும் என் அறைக் கதவைப் பார்த்தோம். உள்ளே டக் என்றது.

"ஸோல்வை," என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "உனக்கு முட்டி வலி. நீ எதுக்கும்மா படி ஏறணும்? கீழ் ரூமை எடுத்துக்கோ."

"அத்தான்! உங்க ரூமாச்சே?"

"பரவாயில்ல. கேப்டனுக்கும் உனக்கும்தான் ஒத்துப்போகுது."

ஸோல்வை எழுந்து வந்து என் தலையில் முத்தம் கொடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர். ஆல்மா, "எவ்வளவு நல்ல மனசுங்க உங்களுக்கு," என்று தட்டில் இன்னும் கொஞ்சம் பட்டாணியை வைத்தாள்.

நானும் மூக்குடைந்த என் கப்பலும் மாடிக்குக் குடிபோனோம். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னை முதலில் சுட்டது, இப்போது உறைய வைத்தது. விளக்கை நகர்த்தினால் அறை சூடாகிவிடும், அது எனக்குத் தெரியும். ஆனால் சாயங்காலமானால் ஸோல்வை தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பாள்.

"விளக்கு எரியுதா அத்தான்?"

"எரியுது."

"அப்படியே அதே இடத்துல இருக்கட்டும். நகர்த்திடாதீங்க. வழி தவறிடுவார்."

அவள் சொல்லாவிட்டாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். வழி தவறி அவர் என்னிடம் வந்துவிட்டால்? கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குல்லாவை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். கீழேயிருந்து ஸோல்வையின் சிரிப்புச் சத்தம் வந்தது. ஈஸ்டருக்கு அப்புறம் அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆல்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, உறைபெட்டியிலேருந்து அந்தப் பட்டாணிப் பொட்டலத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்."

போய் எடுத்தேன். பட்டாணி பொலபொலவென்று இல்லை. உருகி, உறைந்து, மறுபடி உருகி, மறுபடி உறைந்து, ஒரே கட்டியாக இருந்தது. புரட்டிப் பார்த்தேன். நடுவில் உருண்டையாக ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரம் முழுக்க வரிவரியாகக் கோடு. அந்த அளவும் அந்தக் கோடும் என் விரலுக்கு நன்றாகத் தெரியும். அந்த வால்வுத் தலையை எத்தனை வருஷமாகத் திருகியிருக்கிறேன்!

குளிர் பட்டால் சுருங்கும். வெந்நீர் திறந்துகொள்ளும். தன் தலைக்குப் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். தரையில் கிடந்த ஈரமும் உருகிய பட்டாணியின் ஈரம்தான்.

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தேன். ஸோல்வை மேஜையருகே உட்கார்ந்து, கேப்டனின் இரண்டாவது காலுறைக்குக் குதிகால் பகுதி பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஆல்மா! பூட்டின ரூமுக்குள்ள எப்படிடி போன?"

"இந்த வீட்டுல எல்லாக் கதவுக்கும் ஒரே சாவிதாங்க. குடிவந்து இத்தனை வருஷமாச்சு, இது தெரியாதா?"

"அப்ப இந்தப் பட்டாணி..."

"என்ன அத்தான்? பட்டாணிக்கு என்ன?" என்று ஸோல்வை நிமிர்ந்தாள். கன்னம் கொஞ்சம் உப்பி, முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. மடியில் காலுறை.

ஆல்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மெதுவாகக் கையைத் துடைத்தாள்.

"சொல்லுங்க. ஸோல்வையும் கேக்கட்டும். ஆனா முதல்லேருந்து சொல்லணும். மாடி விளக்கிலேருந்து ஆரம்பிங்க."

நான் ஸோல்வையைப் பார்த்தேன். காலுறையைப் பார்த்தேன். பொட்டலத்தை ஆல்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து தட்டை நீட்டினேன்.

"ஒண்ணுமில்ல. எனக்குக் கொஞ்சம் நிறையவே பட்டாணி போடு."