என் கல்யாணத்தில் காணாமல் போன வாசகம்

வேலை தெரியாதவன் செய்யும் தப்பு, பார்த்தவுடன் தப்பென்று தெரியும். வேலை தெரிந்தவன் செய்யும் தப்பு அழகாக இருக்கும். என்னுடையது பார்டரெல்லாம் போட்டு இருந்தது.

தட்டாஞ்சாவடியில் ஒரு அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரு பத்திரிகையில் எத்தனை பூ, எத்தனை புறா வைக்கலாம் என்று கேட்டால், இடம் இருக்கும்வரை என்பேன். (இடம் போதாவிட்டால் பெயர்களைச் சின்னதாக்கிவிடலாம்.)

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம் நிச்சயமானதும் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். கல்யாணத் திருப்பலியில் பைபிளிலிருந்து வாசிக்கும் முதல் வாசகத்தை அவளுடைய அக்கா செலின்தான் வாசிக்க வேண்டும். செலின் அண்ணிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறார். ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் குரலாலேயே கட்டிப்போடுகிறவர். ஆனால் அவர்களுடைய மாதா கோயிலில் ஒருமுறைகூட அவரை வாசிக்கக் கூப்பிட்டதில்லை. "பாவம், அதுக்கு எதுக்கு சிரமம்" என்று முடித்துவிடுவார்கள்.

என் மாமியாருக்கும் பயம்தான். பாதியில் தடுமாறினால் நாலு பேர் முன்னால் பெண்ணுக்கு அவமானமாயிற்றே என்று, தன் தங்கை மகன் ஃபெலிக்ஸை அச்சடித்த தாளோடு முதல் பெஞ்சில் உட்கார வைக்க ஏற்பாடு செய்தார். அண்ணி தடுமாறினால் அவன் போய் வாசிப்பான். அண்ணிக்கு இது தெரியும். "அன்னிக்கு அவன் எழுந்தான்னு வெச்சுக்கோ, அப்புறம் ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டாங்க" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணி தன்னுடைய பிரெய்ல் சட்டத்தில் ஊசியால் குத்தி வாசகத்தைத் தானே எழுதிக்கொள்வதாக இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். புது மாப்பிள்ளை எங்கே சும்மா இருக்கிறான்?

"நீங்க ஏன் அண்ணி ஒவ்வொரு புள்ளியா குத்திக்கினு? நான் மெஷின்ல அடிச்சுத் தரேன்."

"சரி மாப்ள. முந்தின நாளே குடுத்துடுங்க, ஒரு தடவை படிச்சுப் பாத்துக்கறேன்."

"அதெல்லாம் சர்ப்ரைஸ் அண்ணி!"

எனக்குத் தெரிந்த, பார்வையற்றோருக்கான மையம் ஒன்றில் தமிழைப் பிரெய்லாக மாற்றும் மென்பொருளும் அதை அடிக்கும் பிரிண்டரும் இருந்தன. வாசகத்தை முதலில் கணினியில் பத்திரிகை மாதிரியே ஜோடித்தேன். முகப்புப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயர். அடுத்த பக்கத்தில் இரண்டு வீட்டாரின் பெயர்கள். எல்லாவற்றையும் சுற்றிப் பெட்டி. வாசகம் முழுக்கத் தடித்த எழுத்து, அண்ணிக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. (நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்.)

மென்பொருளில் திறந்தால் தலைப்பு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே 'தலைப்பு', 'பத்தி', 'பெட்டி' என்று ஸ்டைல்களின் பட்டியல் இருந்தது. 'தலைப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவே நடுவில் போய் நின்றிருக்கும். நானோ பத்து வருட அனுபவசாலி. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளினேன். அடுத்த வரி கலைந்தது. என்டர் தட்டினேன். பெட்டி உடைந்தது. உடைந்த இடத்தில் இன்னொரு பெட்டி போட்டேன். அரை நாள் இப்படி மல்லுக்கட்டிய பிறகு, திரையில் புள்ளிகள் கண்ணைப் பறித்தன.

மையத்தில் இருந்தவர் கேட்டார்: "இங்க படிச்சுப் பாக்க ஆள் இருக்காங்க சார். ப்ரூஃப் பாத்துடலாமா?"

"வேணாம், நானே பாத்துட்டேன்."

"உங்களுக்குப் பிரெய்ல் படிக்கத் தெரியுமா?"

"படிக்கத் தெரியாது. பாத்துட்டேன்."

எங்கள் அச்சகத்தில் வாடிக்கையாளர் ப்ரூஃபில் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் மெஷினில் ஏறாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவனே நான்தான்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில், ரிப்பன் கட்டிய தாள்களை அண்ணி கையில் கொடுத்தேன். வாசக நேரம் வந்தது. அண்ணி மைக் முன்னால் நின்று முதல் தாளில் விரலை வைத்தார். விரல் வலப்பக்கம் ஓடியது. அடுத்த வரியிலும் ஓடியது. பிறகு ஒன்றுமே இல்லாத இடத்தில் எதையோ தேடியது.

மாமியார் கண்ஜாடை காட்டினார். ஃபெலிக்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தான். பெஞ்சு கிறீச்சிட்டது. அண்ணிக்கு அது கேட்டிருக்க வேண்டும். மைக்கில், வகுப்பில் கேள்வி கேட்கும் அதே குரலில் கேட்டார்:

"மாப்ள, வாசகம் எந்தப் பக்கத்துல ஆரம்பிக்குது?"

எழுந்து நின்றேன். "மூணாவது பக்கம் அண்ணி! பெட்டிக்குள்ள!"

"மொத ரெண்டு பக்கம்?"

"டிசைன் அண்ணி."

கோயிலே சிரித்தது. ஃபாதர் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். ஸ்டெல்லா தலைச்சீலையால் முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே ஃபெலிக்ஸ் உட்கார்ந்துவிட்டான். அண்ணி மூன்றாவது தாளைப் புரட்டி வாசிக்கத் தொடங்கினார். என் தடித்த எழுத்துக்காக மென்பொருள் வரிக்கு வரி செருகியிருந்த வேண்டாத புள்ளிகளையெல்லாம் விரலால் தாண்டித் தாண்டி, ஒரு சொல்கூடத் தவறாமல் கடைசிவரை வாசித்தார். மாமியார் அழுதுவிட்டார். நானும்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் போய் மன்னிப்புக் கேட்டேன். அண்ணி முதல் தாளை எடுத்து என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"இது இன்னா?"

"பார்டர்."

"இது?"

"அழகுக்கு எடம் விட்டது."

"இதெல்லாம் யாருக்கு மாப்ள?"

"மெர்சி அண்ணி" என்றேன். அவர்கள் வீட்டில் நன்றிக்கு அந்தப் பிரெஞ்சு வார்த்தைதான். மனதார வந்தது. அன்று அவர் பேசாமல் கீழே இறங்கியிருந்தால், பார்வை இல்லாதவர் தடுமாறிவிட்டார் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். என் தாளை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் இறங்காமல் நின்றதால்தான் தப்பு யாருடையதோ அவனிடம் வந்து சேர்ந்தது. அவமானப்பட்டதற்காக நான் இத்தனை சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு அண்ணி வாசிக்கிறார்; கோயில் அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. தாள்களை நான்தான் தயார் செய்கிறேன். தலைப்புக்குத் தலைப்பு ஸ்டைல், பத்திக்குப் பத்தி ஸ்டைல், அவ்வளவுதான். அவர் விரல் வைத்துப் பார்த்து "ம்" சொல்லாமல் ஒரு தாளும் வெளியே போகாது.

என் முகப்புப் பக்கத்தை மட்டும் அவர் தூக்கிப் போடவில்லை. ப்ரேம் போட்டு, கண்ணாடி மட்டும் வேண்டாமென்று சொல்லி, கூடத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்கு முன்னால் அங்கே கூட்டிக்கொண்டு போகிறார்.

"எங்க மாப்ள போட்ட கோலம். கண்ணை மூடிக்கினு தொட்டுப் பாருங்க."