ஐஸ் பெட்டிக்குள் தாஹாவின் கண்

புதுவாயல் கூட்டுரோட்டில் டயர் வெடித்து பஸ் நின்றபோது, வரதன் மடியிலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மூடிய குழாய். அதற்குள் ஜெல்லி. ஆசிட் தெறித்து ஒரு கண் வெந்துபோன தாஹாவுக்காக, அவருடைய நல்ல கண்ணிலிருந்து கடுகளவு கிள்ளி எடுத்து, கும்மிடிப்பூண்டி சிப்காட் லேபில் மூன்று வாரம் அந்த ஜெல்லியில் வளர்த்த ஸ்டெம் செல்கள். பன்னிரண்டு மணிக்குச் சென்னையில் ஆபரேஷன். லேப் வேன் காலையில் மக்கர் செய்துவிட்டதால் பெட்டி வரதன் கைக்கு வந்தது.

"சில்லுனு கொண்டு போ. வேற எதுவும் செய்யாத" என்று மட்டும் ஜானகியம்மாள் மேடம் சொல்லியிருந்தார்.

இரும்பு மில் மூடி எட்டு மாதம் வீட்டில் கிடந்தவனைக் கூப்பிட்டு லேபில் உதவியாளர் வேலை கொடுத்தவர் அவர். வரதன் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்லிச் சொல்லி, நாளைக்கு இரண்டு நன்றிக்கு மேல் சொன்னால் வேலையை விட்டே தூக்கிவிடுவதாக அவர் மிரட்ட வேண்டியதாயிற்று.

லேபின் சூட்டுப் பெட்டியில் இருந்தவரை, குழாயைக் கவிழ்த்தாலும் ஜெல்லி கல் மாதிரி நிற்கும். இப்போது மெல்ல வழுக்கியது.

"அய்யய்யோ, எளகிடுச்சி!"

"இன்னா தம்பி எளகிச்சி?" என்றார் பக்கத்து சீட்டு மரியம் பீவி. மகள் வீட்டிலிருந்து திரும்பும் பழவேற்காட்டு அம்மா. வரதன் விவரம் சொன்னான்.

"பூ, இதானா? நோன்பு மாசம் முப்பது நாளும் கடல்பாசி காய்ச்சறவ நான். குளிர்ச்சி பத்தலேன்னா பாசி உறையாது. ஐஸ் போடு."

போனில் மேடத்தைக் கேட்கலாமென்றால் சார்ஜ் இல்லை; நம்பரும் மனப்பாடமில்லை. அந்தம்மா சொன்னது நியாயமாகவும் பட்டது. ஓடிப்போய் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து போட்டான். கால் மணி நேரம் கழித்துக் குழாயைச் சாய்த்தால், உள்ளே இருந்தது எண்ணெய் போல ஓடியது.

"இன்னும் போடு" என்றார் மரியம் பீவி, கொஞ்சம் சுருதி குறைந்து.

ஜூஸ் கடையில் ஐஸ் தீர்ந்துவிட்டது. பஸ்ஸின் கடைசி சீட்டில் மீன் கூடையோடு கெங்கம்மாள் இருந்தாள். வரதன் அவளிடம் போய்க் கை கூப்பினான்.

"கண்ணுக்குன்னு கேக்கற. இல்லேன்னு சொல்ல வாய் வருமா நைனா?" என்று கூடையிலிருந்த ஐஸை மொத்தமாக வழித்துப் பெட்டியில் கொட்டினாள். மீனெல்லாம் வெயிலைப் பார்த்து மல்லாந்தன.

டயர் மாற்றி பஸ் கிளம்பியபோது ஜெல்லி பச்சைத் தண்ணீராகியிருந்தது.

மரியம் பீவி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அறுவது வயசுக்கு இப்படியொரு அடங்காத பாசிய நான் பாத்ததில்ல தம்பி."

அதற்குள் விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. கண்டக்டர் எட்வர்ட் விசில் ஊதி அறிவித்தார்: "கண்ணு ஒண்ணு அவசரமா போய்க்கினு கீது. நடுவுல எங்கியும் நிக்காது. யாருக்குனா ஆட்சேபன கீதா?"

"நாங்க ரெட் ஹில்ஸுக்குத் திரும்பி வந்து எறங்கிக்கறோம். நீ ஓட்டு!" என்றது ஒரு கல்யாண கோஷ்டி.

வரதன் சீட்டு சீட்டாகப் போய் நன்றி சொன்னான். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. செத்துப்போன செல்லுக்காக இத்தனை நல்ல மனிதர்கள் அவரவர் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மரியம் பீவியும் கூடவே வந்தார். வாசலிலேயே கண்ணில் கட்டோடு தாஹா காத்திருந்தார். வரதனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என் கண்ண மடியில வெச்சி எடுத்தாந்தியாமே. உன் புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்பா."

"பாய், அது வந்து..." என்றான் வரதன்.

நர்ஸ் ஏஞ்சலின் பெட்டியைத் திறந்தாள். மீன் வாசனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழாயை எடுத்தாள், சாய்த்தாள், கண்ணை அகல விரித்தாள். "டாக்டர்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

"போச்சு" என்றான் வரதன்.

"நான் சொல்லித்தானே செஞ்ச? கேட்டா என்னைய கை காட்டிடு தம்பி" என்றார் மரியம் பீவி.

"ஒங்களப் போயி காட்டிக் குடுப்பனாம்மா? முன்ன பின்ன தெரியாத எனக்காக இவ்ளோ தூரம் வந்தீங்க. ஒங்களுக்கு நான் கடமப்பட்டிருக்கேன். பதில நானே சொல்லிக்கறேன்."

கதவு திறந்தது. ஏஞ்சலின் நேராக அவனிடம் வந்தாள். வரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேஷன்டுக்கும் கட்டியாவே வந்துச்சி, செல்ல வெளிய எடுக்கறதுக்குள்ள எங்க உயிரே போயிடுச்சி. இன்னிக்கி செல்லு எல்லாம் சுளுவா வந்துடுச்சி. இந்த ஜெல்லி சூட்டுல உறையும், ஐஸுலதான் கரையும்னு உங்களுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தது?"