மருமக வளர்த்த பங்காளிங்கள நான் வழிச்சுப் போட்ட கத

ஏரியில மீன் புடிக்கற எங்க ஆளுங்களுக்கு ஒரு வியாதி. பலகையிலயோ கயித்துலயோ வழவழன்னு எதுனா ஒட்டியிருந்தா கை சும்மா இருக்காது, சுரண்டியே ஆவணும். படகு அடியில அழுக்கு வெச்சிருக்கறவன் வீட்டுல பொண்ணு எடுக்காதன்னு எங்க நைனா சொல்வாரு. (அவரு படகு நாறும். அது வேற கத.)

என் மருமக செல்வி கல்யாணத்துக்கு அப்பறமும் பொன்னேரிக்குப் போயி உயிருங்களப் பத்திப் படிச்சுது. படிக்க வெச்சது நான்தான்னு ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சேன். கடைசி வருசம், பரீச்ச வேலைக்குன்னு படகுத்துற கம்பத்துல எட்டு கூர ஓட்டக் கயித்துல கட்டி, தண்ணியில தொங்கவுட்டுச்சு. நாலு மாசமா வாராவாரம் போட்டோ. இன்னாத்துக்குன்னு நான் கேக்கல.

"நாளைக்கு மேடம் ஓட்டெல்லாம் பாக்க வராங்க மாமா. பாஸா பெயிலான்னு அங்கியே தெரிஞ்சிரும்"னுச்சு.

மேடம் பாக்கறதுன்னா சுத்தமா இருக்க வேணாமா? காலையில தண்ணியில எறங்குனேன். ஓடு முச்சூடும் தோலுரிச்ச நுங்காட்டம் கொழகொழன்னு கட்டி. தொட்டா மூஞ்சியில தண்ணி பீச்சுது. வந்துச்சு பாரு கோவம்! கத்தியால வழிச்சு, தேங்கா நாருல தேச்சு, கல்யாண வீட்டுப் பாத்திரமாட்டம் வரிசையா அடுக்கி வெச்சேன்.

செல்வி வந்துச்சு. அப்டியே கீழ உக்காந்துருச்சு.

"மாமா... அந்தக் கட்டிதான் மாமா என் பாடமே. அதெல்லாம் உசுருள்ள பிராணி."

பக்கெட்டத் தூக்கிக்கினு கோட்டைக்குப்பத்துக்கு ஓடுனேன். அங்க தனபாலு படகு, வாங்குன நாள்லேர்ந்து சுரண்டாத படகு.

"தனபாலு, உன் அழுக்குல கொஞ்சம் குடு."

"இன்னா பெருசு, காலங்காத்தால நக்கலா?"

கால்ல வுழாத கொறதான். பக்கெட்டு ரொம்ப வாரி, தண்ணி ஊத்தி, மேல ஈரச் சாக்கு மூடி எடுத்தாந்தேன்.

மேடம் வந்துட்டாங்க. ஓட்டுலதான் ஒண்ணும் இல்லியே, போட்டோவெல்லாம் பாத்துட்டு, "இதோட குட்டி எங்கம்மா? அதக் காட்டாம எப்டி பாஸ் போடறது?"ன்னாங்க. செல்வி என்னப் பாத்துச்சு. நான் பக்கெட்ட அது பக்கம் தள்ளுனேன். அப்பறம் அதுவே சாக்க எடுத்துச்சு. வெயிலு பட்ட கொஞ்ச நேரத்துல, பக்கெட்டுத் தண்ணியில கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் பொட்டுப் பொட்டா எதுவோ நீந்துச்சு. மேடம் பெரிசாக் காட்ற கண்ணாடியில வெச்சு என்னையும் பாக்கச் சொன்னாங்க. தவளக் குஞ்சாட்டம் வாலு!

"வாலுக்குள்ள ஒரு தண்டு இருக்கு மாமா"ன்னுச்சு செல்வி. "அதுக்கு மேல நரம்பு. நம்ம முதுகெலும்பு வர்றதுக்கு முன்ன கருவுல நமக்கும் அதே தண்டுதான். வாலும் இருந்துச்சு."

"எனக்கா?"

"உங்களுக்கும்தான்."

"அப்ப நான் புடிக்கற எறா?"

"எறாவுக்கு அந்தத் தண்டு கெடையாது. அது அந்நியம். இதுதான் நம்ம பங்காளி."

எனக்குத் தல சுத்திருச்சு. கண்ணு, காலு, மீசன்னு லட்சணமா இருக்கற எறா யாரோ எவரோவாம். மூக்குச்சளியாட்டம் இருக்கறது சொந்தமாம்! அறுவது வருசமா பங்காளியக் கத்தியால வழிச்சிருக்கேன்.

"நீ பங்காளிய எப்ப நல்லா வெச்ச?"ன்னா வேடிக்க பாக்க வந்த என் பொஞ்சாதி.

செல்வி நிறுத்தல. "குட்டி ஒரு எடத்துல ஒட்டிக்கிச்சுன்னா வாலு கரஞ்சிரும், தண்டு கரஞ்சிரும். அலையற வேல இல்லல்ல, மூளையிலயும் முக்காவாசிய அதுவே செரிச்சுக்கும்."

மேடம் பாஸ்னுட்டாங்க. என் பொஞ்சாதி மட்டும் என்னையே ஒரு மாதிரியா பாத்தா.

இப்ப செல்வி மீஞ்சூர்ல டீச்சரு. நான் சோறு துன்னுட்டு பிளாஸ்டிக் சேர்ல செத்த நேரம் உக்காந்தாப் போதும், வூட்டுல எவளாவது ஒருத்தி கூவுவா: "ஒட்டிக்கிச்சு! மூளையத் துன்ன ஆரம்பிச்சிருச்சு!"

ஒடனே எழுந்து தெருமுன வரைக்கும் நடந்துட்டு வந்துருவேன். இருக்கறதே கொஞ்சம்.