பிரேக் பாய் போட்ட பெல்ட்

காவிரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். வண்டியை நிறுத்தத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் பிரேக் பாய்.

திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஸ்ரீரங்கத்துக் குழந்தைகளை ஏற்றிவரும் வேனுக்கு அவர் டிரைவர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். காக்கை குறுக்கே வந்தால் பிரேக். காக்கை வருமோ என்று தோன்றினாலும் பிரேக். முச்சந்தியில் யாரோ திருஷ்டி கழித்துப் போட்ட எலுமிச்சம்பழம் உருண்டு ஓரம் போகிறவரை வண்டியை நிறுத்திக் காத்திருந்தவர் அவர்.

"பழத்துக்கு எதுக்கு பாய் பிரேக்கு?"

"பழத்துக்குப் பின்னாடி ஒரு புள்ள ஓடி வரும் தம்பி. புள்ளைங்க எப்பவும் எதுக்காவது பின்னாடிதானே ஓடி வருது!"

ஆக, ரோட்டில் போகிற பிள்ளைகளுக்கு அவரால் ஆபத்தே இல்லை. வண்டிக்குள் இருந்தவர்கள்தான் பறந்தார்கள். முன் சீட்டில் இருப்பவருக்குக் கவலையில்லை. கால் பிரேக்குக்குப் போகும் அதே நொடியில் பாயின் இடது கை ரயில்வே கேட் மாதிரி குறுக்கே விழும். பின் பெஞ்சுகளில் பன்னிரண்டு பேர். ஒருநாள் எருமைக்காகப் போட்ட பிரேக்கில், உத்திர வீதி கோதை என்கிற ஐந்து வயசு வாண்டு முன் கம்பியில் மோதி, நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துவிட்டது. அவள் அழவில்லை. பாய் அழுதார்.

"அல்லா எனக்கு ஒரு எடது கைதானே குடுத்தான். பன்னெண்டு புள்ளைக்கு எங்க தம்பி போவேன்?"

ஆகாய விமானத்தில் இடுப்புக்குப் பெல்ட் உண்டு என்று வாய் தவறிச் சொன்னேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

முதல் பெல்ட் தேங்காய் நார்க் கயிறு. பிள்ளைகள் நாள் முழுக்கச் சொறிந்துகொண்டார்கள். இரண்டாவது, ஜட்கா குதிரையின் தோல்வார். அதைக் கட்டியதும் பன்னிரண்டு பேரும் காவிரிப் பாலம் நெடுகக் கனைத்துக்கொண்டே வந்தார்கள். மூன்றாவதில்தான் பாய் ஜெயித்தார். கட்டில் பின்னுகிற அகல நாடா, அதற்குள் இலவம்பஞ்சு, மேலே, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன தன் பீவியின் பழைய புடவைத் துணி. கொக்கி வயிற்றில் குத்தாமலிருக்க அதற்கும் ஒரு சின்னத் தலையணை.

பரீட்சைக்குப் பன்னிரண்டு பூசணிக்காய்களை பெஞ்சில் கட்டி உட்காரவைத்து, பாலத்தில் ஓட்டிப் பத்து பிரேக் அடித்தார். ஒன்றுகூட உருளவில்லை. பாய்க்குத் திருப்தியில்லை.

"பூசணிக்கு வலிச்சாலும் சொல்லாது. நீங்க ஒக்காருங்க."

"நான் குழந்தை இல்லையே பாய்?"

"எடையில அப்படித்தான் இருக்கீங்க."

நான்கு இட்லி தின்னவைத்து என்னைக் கட்டினார். இட்லி மேலே வந்தால் வார் வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தமாம். கீழே இறக்கித் தொடைமேல் போட வேண்டுமாம். நாலாவது தடவை இட்லி இருந்த இடத்திலேயே இருந்தது. பாய் என்னைக் கட்டிக்கொண்டார்.

கெடுத்தது நான்தான். உப்பிலியபுரத்தில் என் குலத்திலேயே முதன்முதலில் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டவன் நான். அதனால் எந்த வாக்கியத்தையும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யாமல் வெளியே விடமாட்டேன். பெற்றோருக்கு இப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன்: 'நாளை முதல் வேனில் வரும் குழந்தைகள் அனைவருக்கும் தினசரி இருவேளை பெல்ட் போடப்படும்.'

நம் ஊரில் 'ரெண்டு போடு' என்றால் அடி என்று அர்த்தம். எனக்கும் தெரியும். எழுதும்போது தோன்றவில்லை.

மறுநாள் வேன் காலியாக வந்தது. பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி பெற்றோர் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். முன்னால் குடையுடன் கோதையின் அப்பா.

"ஏன்யா, எங்காத்துக் கொழந்தைக்குப் பெல்ட் போடப்போறேளாமே?"

பாய் முகமெல்லாம் மலர்ந்தார். "ஆமாங்க சாமி. மொதல்ல கோதைம்மாவுக்குத்தான். அவங்கதான் ரொம்பத் துள்ளுறாங்க."

"துள்ளினா போட்டுடுவேளா?"

"நல்லா இறுக்கிப் போட்டாத்தாங்க பிரயோசனம். வலிக்காது, பஞ்சு வச்சிருக்கேன்."

"பஞ்சா!"

"கிளார்க் தம்பிக்கே நாலு தடவ போட்டேன், கேட்டுப் பாருங்க. ஒங்களுக்கும் ஒண்ணு போட்டுக் காட்டவா?"

குடை உயர்ந்தது. பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, மேஜையைத் தட்டினார். "பாய், வண்டிச் சாவிய இப்படி வச்சிட்டு வீட்டுக்குப் போங்க. இனிமே வர வேணாம்."

அப்போதுதான் பாய்க்கு ஏதோ விபரீதம் என்று விளங்கியது. சாவியை மேஜைமேல் வைத்தார். நான் எழுந்து, "அச்சொல் இவ்விடத்தில் அப்பொருளில் ஆளப்படவில்லை" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கே பாதிதான்.

"கோதை எங்கே?" என்றார் அவள் அப்பா திடீரென்று.

வாசலிலிருந்து பதில் வந்தது. "அப்பா! நான் பெல்ட் போட்டுண்டுட்டேன்! வண்டியை எடுக்கச் சொல்லு!"

வேனுக்குள் அரியாசனத்தில் அமர்ந்தாற்போல உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் ஊதாப்பூப் போட்ட வாருடன். அப்பா வாரை அமுக்கிப் பார்த்தார். "இதுவா பெல்ட்டு? எங்காத்து மெத்தையே இவ்வளவு மெத்துனு இல்லையே!" என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார்.

பெரிய டீச்சர் அவ்வளவு லேசில் மசிகிறவர் இல்லை. "ஓட்டிக் காட்டுங்க" என்று சாவியைக் கொடுத்து முன் சீட்டில் ஏறினார். நான் பின்னால் ஓடி ஏறினேன்.

தெப்பக்குளத்தை முக்கால் சுற்று சுற்றியிருப்போம். வெள்ளிக்கிழமை. நடு ரோட்டில் ஓர் எலுமிச்சம்பழம்.

குடை ஜன்னல் வழியாகப் பறந்தது. கோதை அசையவில்லை. அவள் அப்பா அசையவில்லை. முன்னால் டீச்சரின் மூக்கு கண்ணாடிக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது. குறுக்கே பாயின் இடது கை. அந்த அம்மாளை இருபது வருஷமாக யாரும் எதிலும் தடுத்ததில்லை. கையையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"எனக்கு ஏன் பாய் பெல்ட் போடல?"

சாவி பாயிடமே இருந்தது. மறுவாரம் முன் சீட்டுக்கும் பெல்ட் வந்தது.

பட்டணத்தில் வேலை கிடைத்து நான் கிளம்பிய ஞாயிறன்று, பாய் அந்த வேனிலேயே என்னை ஜங்ஷனுக்குக் கூட்டிப்போனார். முன் சீட்டில் உட்காரவைத்து, தொடைமேல் இறக்கி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துப் பெல்ட் போட்டார். பாலக்கரையில் ஒரு காக்கை. பிரேக். கூடவே இடது கை.

"அதான் பெல்ட் இருக்கே பாய்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. காக்கை பறந்து போன பிறகும் அந்தக் கை எடுக்கப்படவில்லை. எடுக்கும்படி நானும் சொல்லவில்லை.