ஐம்பது நிமிடத் தம்பி

விமான நேரக்காரர் என்றொரு பிராணி உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாராவது பேச்சுவாக்கில் இரண்டு ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டால் போதும், அவர் கை சட்டைப்பைக்குப் போகும், கைப்பேசி வெளியே வரும், விமான நேரம் காட்டும் இணையதளம் ஒன்று திறக்கும், இரண்டு ஊருக்கும் நடுவே திரையில் ஒரு நேர்கோடு விழும், "ஒன்றேகால் மணி நேரம்" என்று, தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவரைப் போலத் தீர்ப்புச் சொல்வார். கேட்டது யார்? யாரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த உருப்படி, தண்ணீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவர். அவர் இருப்பது மலையடிவாரத்தில். அவருடைய அக்கா கடலோரத்தில். பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுபாதை சேர்த்தது போல இரண்டு ஊரிலும் ஒரு விமான நிலையம். நடுவே ஐம்பது நிமிடம். இந்த ஐம்பது நிமிடத்தைத்தான் அவர் பல வருடங்களாக அக்காவுக்கு வழங்கி வருகிறார். அத்தான் படுக்கையில் விழுந்தபோது வழங்கினார். அத்தான் போன பிறகும் வழங்கினார். "பக்கத்துலதானேக்கா இருக்கேன்!" இவ்வளவு பக்கத்தில் இருப்பவர் எதற்கு எழுந்து வர வேண்டும்?

போன மாதம் அக்காவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை.

"உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாத்துடணும்டா. முந்தின நாளே வந்துடு."

"எதுக்குக்கா? உனக்கு மத்தியானம்தானே? காலைல கிளம்பினா, நீ தலை வாரி முடிக்கறதுக்குள்ள வந்து நிப்பேன்."

மனைவி மட்டும் கேட்டாள், டிக்கெட் எடுத்தாயிற்றா என்று.

"சின்ன ஏர்போர்ட்டுடி. போய் நின்னா குடுக்கப் போறான்."

போய் நின்றார்.

"அந்த ஊருக்கு இங்கேர்ந்து விமானமே கிடையாதே சார்" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"அம்பது நிமிஷம்னு போட்டிருக்கேம்மா!"

"இருந்தா அம்பது நிமிஷம்தான் சார்."

இணையதளத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் கோடு இழுத்து, வேகத்தால் வகுத்துக் காட்டுவது அதன் வேலை. அந்தக் கோட்டின்மேல் ஏதாவது பறக்கிறதா என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை. நம்மவர் தலைநகரத்துக்குப் பறந்து, அங்கே காத்துக் கிடந்து, வேறு விமானம் பிடித்து, டாக்ஸிக்காரரை விரட்டி மருத்துவமனை வந்து சேர்ந்தபோது அறுவைக்கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. மேலே சிவப்பு விளக்கு. பெஞ்சில் அக்கா மகன்.

"உள்ள போற வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாங்க, மாமா."

நம்மவர் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு மனிதன் வாயை மூடிக்கொள்வதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"அதில்ல மாப்ளே, நேரா பறந்திருந்தா..."

அவன் எழுந்துபோய்க் கதவருகே நின்றுகொண்டான்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் மகனிடம் கேட்டாளாம்: "உங்க மாமா வந்துட்டானா, இல்ல இன்னும் அம்பது நிமிஷத்துலயே இருக்கானா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கும் ஓர் ஊரில் ஒருவர் இருப்பார். "கூப்பிடு தூரம்தான், நினைத்தால் போய்விடலாம்" என்று நீங்களும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை, கைப்பேசியைக் கீழே வையுங்கள். கடைசியாக எப்போது போனீர்கள்?